லேமினேட் செய்த டிசி

எங்கள் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் முதல் வேலை டிசி வாங்குவது. ஏழாவது வரை தமிழ்ப் பள்ளியில் படித்து, டிசி வாங்கி, மலையாளப் பள்ளியில் கொடுத்துச் சேர்ந்தேன். பன்னிரண்டு முடித்து மறுபடி வாங்கி, பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் கொடுத்தேன். அந்தத் தாளைக் கொடுக்கும் வரை நாம் பழைய இடத்துப் பிள்ளை, கொடுத்துவிட்டால் புது இடத்துப் பிள்ளை. இது எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லித் தராமலே தெரிந்த விஷயம். ஆகவே கனடா என்று வந்தபோதும் எங்களுக்கு வேறு மாதிரி யோசிக்கத் தோன்றவில்லை.

கேரளத்துக்குள், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் முதலமடையில் எங்களுக்கு மாந்தோப்பு. சில வருடங்கள் பூவெல்லாம் திடீரென்று கருகிக் கொட்டிவிடும். அப்பா, பூச்சிமருந்துக் கடைக்காரர் சொன்னதையெல்லாம் வாங்கி அடிப்பார், இலையும் சேர்ந்து கருகும். அது ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் தாவரவியலில் சேர்ந்தேன். இரண்டாம் வருடத்தில் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் தேடித் தேடிக் கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தைக் கண்டுபிடித்தேன். பழமர நோய்களுக்கென்றே அங்கே தனிப் படிப்பு இருந்தது. பாலக்காட்டில் படித்த இரண்டு வருடத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நேரே மூன்றாம் வருடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அப்படிச் சேர்பவர்களுக்குத்தான் கட்டணச் சலுகையும் உண்டு. முதல் வருடத்திலிருந்து ஆரம்பிப்பதென்றால் எங்களால் நினைத்துப் பார்க்கவும் முடியாது.

தோப்பு முழுக்கப் பூத்து நின்ற ஒரு தை மாதத்தில் ஆஃபர் லெட்டர் வந்தது. அதில் ஒரு நிபந்தனை. நான்காவது செமஸ்டரை நல்லபடியாக முடித்து மதிப்பெண் அனுப்பினால்தான் இடம். இதை அப்பாவுக்கு எப்படி விளக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் முந்திக்கொண்டார்.

"பூவப் பாத்துப் பேசியிருக்காங்க அம்மணி. காய் நின்னாத்தான் ஏவாரம்."

எங்கள் ஊர் வியாபாரிகள் அப்படித்தான். மரத்தில் பூ இருக்கும்போதே வந்து பேசி முடித்துவிட்டுப் போவார்கள். காய் நிற்காவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த ஆங்கிலக் கடிதத்தை இவ்வளவு சுருக்கமாக என்னால் சொல்லியிருக்க முடியாது. ஆனால் இத்தனை தெளிவாகச் சொன்ன அதே மனிதர்தான் மறுநாள் காலையில், மாங்காய் இறங்க ஆரம்பித்துவிட்டால் தனக்கு நகர நேரம் இருக்காது, டிசியை இப்போதே வாங்கி வைத்துவிடலாம் என்றார்.

பழி முழுவதையும் அவர் தலையில் போடக் கூடாது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பரீட்சைப் பணம் கட்டியாகிவிட்டது, பரீட்சை நடத்துவது பல்கலைக்கழகம், டிசி கொடுப்பது கல்லூரி, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான்தான் பெரிய மேதாவி போலச் சொன்னேன். பைக்கில் போனோம். லைப்ரரி, லேப் என்று ஒவ்வொரு இடமாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினேன். ஆபீஸ் கிளார்க், இப்போதேதான் வேண்டுமா என்று மலையாளத்தில் இரண்டு தடவை கேட்டார். அப்பா, பொண்ணு கனடா போகிறாள் என்று வராந்தாவில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். அதற்கு மேல் கிளார்க் என்ன கேட்பார்? கொடுத்துவிட்டார்.

இதற்கு முன் எந்த டிசியும் எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் தங்கியதில்லை. இது கடல் தாண்டிப் போகிற காகிதம், நனைந்துவிடக் கூடாது என்று அப்பா திரும்பும் வழியிலேயே போட்டோஸ்டாட் கடையில் லேமினேட் செய்துவிட்டார். ரேஷன் கார்டிலிருந்து அம்மாவின் கண் டாக்டர் சீட்டு வரைக்கும் லேமினேட் செய்து வைத்திருக்கிறவர் அவர். யாரும் கேட்காமலே டிசியை ஸ்கேன் செய்து கனடாவுக்கு அனுப்பி வைத்தேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. ரொம்ப மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். இது என்ன சான்றிதழ் என்று தெரியவில்லை, ஆனால் நீங்கள் கல்லூரியை விட்டு விலகிவிட்டதாக இதில் இருக்கிறது, அப்படியென்றால் நான்காவது செமஸ்டர் முடியாது, நிபந்தனையும் நிறைவேறாது, தயவுசெய்து விளக்கவும் என்றிருந்தது. கல்லூரித் தோழியைக் கூப்பிட்டுக் கேட்டேன். வருகைப் பதிவேட்டில் என் பெயரை அடித்துவிட்டார்களாம், பரீட்சை எழுதுகிறவர்கள் பட்டியலிலும் அது இல்லையாம். நான் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தால் எதிரில் யார் என்று பார்க்க மாட்டேன். அப்பா தோப்பில் ஆட்களோடு நின்றிருந்தார். அவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"பூவுல பேசுன மரத்த, காய் நிக்கறதுக்கு முன்னாடியே யாராச்சும் வெட்டுவாங்களாப்பா?"

வழக்கமாக ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவர், நான் நீட்டிய போனை வாங்கி, தனக்குப் புரியாத அந்த ஆங்கில எழுத்துகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று அப்போதே தோன்றியது. ஆனாலும் கேட்டாகிவிட்டது.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது, கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பைக் பக்கத்தில் நின்றிருந்தார். தோப்பில் மருந்தடிக்க ஆள் வரச் சொல்லியிருந்த நாள் அது. அவர்களைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது என்று அம்மா சொன்னாள்.

கல்லூரியில் பிரின்சிபால் மேடம் நடந்ததையெல்லாம் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். வேறெங்கும் கொடுத்துச் சேராத டிசி என்பதால் அதை ரத்து செய்ய வழி இருக்கிறது, பரீட்சைப் பட்டியல் முடிய இரண்டு நாள் இருக்கிறது என்றார். எனக்கு மூச்சு வந்தது. அசலைத் திருப்பித் தர வேண்டும், அதன் மேல் ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா பிளாஸ்டிக் கவரிலிருந்து டிசியை எடுத்து மேசை மேல் வைத்தார். ஜன்னல் வெளிச்சம் பட்டு அது பளபளவென்று மின்னியது.

கிளார்க் பேனாவை வைத்துப் பார்த்தார், மை வழுக்கியது. முத்திரையைக் குத்தினார், தொட்டதும் மை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், டிசியை லேமினேட் செய்தவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். உரித்தால் தாள் கிழிந்துவிடும். கிழிந்த தாளில் கையெழுத்துப் போட முடியாது என்று மேடம் தயக்கத்தோடு சொன்னார்.

அப்பா டிசியைக் கையில் எடுத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். போட்டோஸ்டாட் கடைக்காரரின் மிஷின் பழையது. அடியில், வெற்றிடமாக இருந்த மூலையில், இரண்டு விரல் அகலத்துக்குக் காற்று புகுந்து உப்பியிருந்தது. அங்கே பிளாஸ்டிக் தாளோடு ஒட்டவில்லை. இடுப்பிலிருந்து காம்பு நறுக்கும் கத்தியை எடுத்தார். வெள்ளைச் சட்டை போட்டாலும் அதை விட்டு வர மாட்டார்.

மாங்காயில் காம்பை ஒட்ட நறுக்கினால் பால் வழிந்து தோல் கருத்துவிடும், சந்தையில் விலை போகாது. தோல் படாமல், பால் சிந்தாமல் நறுக்கத் தெரிந்த கை அது. சின்ன வயதில் நான் சலித்துக்கொண்டு பார்த்த கை. அன்றைக்கு அந்தக் கத்தி முனை உப்பிய இடத்தைச் சுற்றி ஊர்ந்து போவதைக் கண்ணெடுக்காமல் பார்த்தேன். கிளார்க் எழுந்து நின்றுவிட்டார். மேடம் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். ஒரு சின்ன ஜன்னல் போல பிளாஸ்டிக் மட்டும் கழன்று வந்தது. உள்ளே தாளில் ஒரு கீறல்கூட இல்லை.

அந்த ஜன்னலுக்குள் கிளார்க் எழுதினார், மேடம் கையெழுத்துப் போட்டார், முத்திரையும் விழுந்தது. அப்பா கத்தியை மடித்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "காய் நிக்குமுங்க" என்று மேடத்திடம் தமிழிலேயே சொன்னார். அவருக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வராந்தாவுக்கு வந்ததும் நான் மன்னிப்புக் கேட்டேன். பசிக்கிறது, சாப்பிடப் போகலாம் என்றார் அப்பா.

டிசி ரத்தானதைக் கனடாவுக்கு விளக்கி எழுதினேன். பரீட்சை எழுதினேன். மதிப்பெண் அனுப்பினேன். இடம் உறுதியானது, விசாவும் வந்தது. அதற்குப் பிறகுதான் முறைப்படி இரண்டாவது டிசி வாங்கினோம். கொடுக்கும்போது கிளார்க், லேமினேஷன் வேண்டாம் என்று அப்பாவிடம் மூன்று தடவை சொன்னார். கோயம்புத்தூரில் விமானம் ஏறும்வரை அதை அப்பாவேதான் கையில் வைத்திருந்தார்.

இங்கே கனடாவுக்கு வந்த முதல் நாள், வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், அடையாள அட்டை கொடுத்தார்கள். டிசியை நீட்டினேன். மேசையில் இருந்த பெண் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். வெளியே வந்து ஊருக்கு போன் செய்தேன். அப்பா கேட்ட முதல் கேள்வி, டிசியை வாங்கிக்கொண்டார்களா என்பதுதான். இத்தனை பாடு படுத்திய காகிதம் யாருக்கும் வேண்டாமாம் என்று எரிச்சலோடு சொன்னேன்.

"அப்ப நீ இன்னும் இங்கத்த புள்ளதான் அம்மணி. பத்தரமா வெச்சுக்க."

பிறகு, போன் சார்ஜ் தீரப் போகிறது என்று சொல்லி வைத்துவிட்டார். டிசி என் மேசை இழுப்பறையில், வகுப்பு நோட்டுகளுக்கு அடியில், லேமினேட் செய்யாமல் இருக்கிறது.