செங்கல் ஆடிய புதன்கிழமை

சுனாமிக்கு அடுத்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு செங்கல்லைத் தூக்கில் போட்டோம். சயின்ஸ் சாரின் ஏற்பாடு. ஜன்னல் கம்பியில் கயிறு, கயிற்றில் செங்கல், செங்கல்லின் அடியில் ஸ்கெட்ச் பேனா, அதன் முனையில் தாள் சுற்றிய பால்பவுடர் டப்பா. டப்பாவை மெல்ல உருட்டினால் கோடு விழும். தரை ஆடினால் கோடும் ஆடும். உலகத்தில் எங்கெங்கே பூமி அதிர்ந்தது என்ற பட்டியலை சார் ராமநாதபுரத்தில் பிரிண்ட் எடுத்து வந்து பக்கத்துச் சுவரில் ஒட்டினார். கோடு கோணினால் அதோடு ஒப்பிட வேண்டும். அதில் சுனாமி கிளம்பிய சுமத்ராவின் பெயர்தான் என் கண்ணில் முதலில் பட்டது.

கட்டியது செவ்வாய்க்கிழமை. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத நாள். ஸ்கேல் வைத்துப் போட்டது போல் கோடு விழுந்தது. டப்பா உருட்டும் பதவி எனக்குக் கிடைத்தது.

புதன் காலை, மணி அடிக்கும் முன்பே போய் உருட்டினேன். கோழி கிளறிய மண் மாதிரி விழுந்தது கோடு. பட்டியலாவது, ஒப்பிடுவதாவது! கால் தானாக ஓடியது. எதிரே துறைமுகத்தில் என்னைப் பெற்ற அய்யா படகேறிக்கொண்டிருப்பார், அங்கேதானே ஓட வேண்டும்? நான் பள்ளிக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியில் ஏறினேன். உச்சிக்குப் போய், என் உயிர் பத்திரம் என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் அய்யாவின் ஞாபகம் வந்தது.

"அய்யா, போகாதீக! கடல் வருது!" என்று அங்கிருந்தே கத்தினேன்.

துறைமுகமே திரும்பிப் பார்த்தது. சிலர் வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்கள். சார் பதறி வந்து கோட்டைப் பார்த்தார், பின் சுவரில் காதை வைத்தார்.

"அடப்பாவி, பக்கத்து ஐஸ் கம்பெனில கட்டி ஒடைக்கிறாங்கடா!"

படகு போகிற நாளில் மட்டும் ஓடும் மிஷின். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய என் காதுக்கு அது சத்தமே இல்லை.

"என்னண்ணே, ஒங்க மகன் ஐஸுக்கே ஊரக் காலி பண்ணிட்டானே!" என்று படகு டிரைவர் அய்யாவைக் கிண்டலடித்தார்.

அய்யா தொட்டி மேல் ஏறி வந்தார். அடி விழும் என்று கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். விழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழிருந்து கூப்பிட்டுப் பார்த்த படகு, அவரை விட்டுவிட்டே கிளம்பியது.

"ஐஸ் மிஷின்தானாம் அய்யா" என்றேன், தரையைப் பார்த்து.

"சரிலே. மிஷின் நின்னதும் இன்னொரு தடவ உருட்டிப் பாரு. பாத்துட்டு வந்து சொல்லு. நான் இங்கனயே இருக்கேன்."

மிஷின் நின்றது. உருட்டினேன். கோடு நேராக விழுந்தது. சொல்ல ஓடி வந்தபோதும் அய்யா உச்சியிலேயே இருந்தார், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி.

ஏறின களைப்பு இன்னும் போகவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.