காலிப் பெட்டிக்கு அப்பா சொன்ன விலை

எங்கள் அப்பாவுக்குப் புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு தனி மரியாதை இருந்தது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், ஆடு பிடிக்கப் போகிறவர்கள், மகள் சீருக்குப் பித்தளை அண்டா எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். “அண்ணே, சும்மா கூட வாங்களேன்” என்பார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பொருளைக் கையில் தூக்கிப் பார்ப்பார், விரலால் தட்டிப் பார்ப்பார், பிறகு ஒரு விலை சொல்வார். அதற்குமேல் பேரம் கிடையாது. விற்கிறவனும் தலையைச் சொறிந்துகொண்டு கொடுத்துவிடுவான். அப்பா வேலை பார்த்த பஞ்சு மில் மூடிய பிறகு அவர் வேலை மாறியது, வருமானம் குறைந்தது. இந்த மரியாதை மட்டும் குறையவே இல்லை. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

மாமா இதற்கு நேர் எதிர். அவர் அம்மாவின் தம்பி. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தார். அவரிடம் எதையும் விற்றுவிடலாம். பஸ் ஸ்டாண்டில் அவர் வாங்கிய கைக்கடிகாரம் திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் நின்றுபோனது. ஒருமுறை கூண்டோடு ஒரு கிளி வாங்கி வந்தார். வெள்ளைக்காரர் வீட்டில் வளர்ந்ததாம், பிரெஞ்சு பேசுமாம். அது நாள் முழுக்கக் கீச்கீச்சென்று கத்தியது. அதுதான் பிரெஞ்சு என்று மாமா எங்களிடம் சாதித்தார். பிரெஞ்சு தெரிந்த ஒருவரை அழைத்து வந்து காட்டுவதற்குள் கிளி பறந்துவிட்டதால், அது பேசியது என்ன மொழி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அப்பா இதையெல்லாம் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். “என் மச்சினன் தெருவுல எறங்குனா கடைக்காரனுக்கெல்லாம் அன்னிக்கிதான் தீபாவளி” என்பது அவருக்குப் பிடித்த வசனம். கேட்டவர்களும் சிரித்தார்கள். ஆனால் மதிப்புப் போடுவதில் அப்பாவின் வார்த்தையை ஊரே நம்பியது அல்லவா, அதனால் இதையும் நம்பிவிட்டார்கள். மாமாவுக்குப் பெண் கொடுக்க வந்த இரண்டு இடம் இப்படியே தட்டிப்போனது. மூன்றாவதாகக் கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பெண்ணை மாமாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. “இதுவும் போச்சுன்னா அவன் இனிமே பொண்ணு பாக்க வரமாட்டேன்றான். ஒங்க வாயாலதான் எல்லாம்” என்று அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பெண் வீட்டார் விஜயதசமியன்று காலையில் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் கூரியரில் அந்தப் பெட்டி வந்தது.

அப்போது நான் நான்காம் வகுப்பு. என் படிப்புக்காக மாமா செல்போனில் பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர் அது. கம்ப்யூட்டர் என்றால் மேசை கொள்ளாத பொருள் என்று நினைத்திருந்த நாங்கள், உள்ளே இருந்து வந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்து வாயடைத்துப் போனோம். இரண்டு சாப்பாட்டு டப்பாவை ஒட்டிவைத்த அளவுகூட இல்லை. மினி கம்ப்யூட்டர், டிவியில் செருகினால் போதும், பெரிய கம்ப்யூட்டர் செய்கிற எல்லாவற்றையும் செய்யும், விலையோ பாதிக்கும் குறைவு என்று மாமா மூச்சு விடாமல் சொன்னார். கீபோர்டையும் மவுஸையும் ஞாயிறு சந்தையில் முன்னாலேயே வாங்கி வைத்திருந்தார்.

அப்பா பெட்டியை வாங்கி உள்ளங்கையில் வைத்தார். லேசாக மேலும் கீழும் அசைத்தார். காதருகே கொண்டுபோய் ஒருமுறை ஆட்டினார். பிறகு மாமாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

“காலி டப்பாடா இது.”

“மாமா, அது அப்டித்தான் இருக்கும். இப்ப வர்றதெல்லாம் வெயிட்டே இல்லாமத்தான் வருது” என்றார் மாமா. எனக்கு அவர் மாமா என்றால் அவருக்கு அப்பா மாமா, அக்கா புருஷன். அப்பாவின் பேச்சை அவர் மறுத்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பொய்யா நிஜமா என்று உடனே போட்டுப் பார்க்கலாம் என்றார். அம்மா தடுத்துவிட்டாள். புதுப்பொருள், நாளை மறுநாள் நல்ல நாள், நாளைக்கு ஆயுத பூஜையில் வைத்துவிட்டு விஜயதசமியன்று தொடங்கினால் பிள்ளைக்குப் படிப்பு ஏறும் என்றாள். அதோடு மாமா பெண்ணின் தம்பியிடம் போனில் இந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி நிறையவே பெருமை பேசியிருந்தார். அவன் கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கிறவன். வந்ததும் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தானாம். அதைக் கேட்டபோது அப்பாவின் முகம் எப்படியோ ஆனது.

ஆயுத பூஜையன்று என் புத்தகங்கள், ஜாமெட்ரி பாக்ஸ், அப்பாவின் சுத்தியல், அம்மாவின் அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் கறுப்புப் பெட்டி சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. புத்தகத்தையும் தொடவேண்டாம் என்பதால் எனக்கு வருடத்திலேயே பிடித்த நாள் அது. மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு மாமா கூட்டாளியின் ஆட்டோ ஸ்டாண்டு பூஜைக்குப் போனார். அம்மா படுத்துவிட்டாள். நான் பொரியைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தபோது, அப்பா மெதுவாக வந்து சாமி படத்தின் முன் விழுந்து கும்பிட்டார். எழுந்து அந்தப் பெட்டியை எடுத்துத் துண்டில் சுற்றினார்.

திரும்பினால் நான் நிற்கிறேன். வேறு வழியில்லாமல் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். வண்டிக்கும் காலையில் பூஜை போட்டதுதான். ஆனால் வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை ஏற்றி நசுக்கிவிட்டால் அப்போதே ஓட்டலாம். இந்தச் சட்டத்தை யார் எழுதினார்களோ தெரியாது.

பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை இருந்தும் அப்பா அங்கே போகவில்லை. சேதி தெருவுக்கு வந்துவிடும். கோரிமேடு போகிற சாலையில் ஒரு கடை பாதி ஷட்டர் இறக்கி, வாசலில் பூசணிக்காய் உடைத்துக் கிடந்தது. உள்ளே கடைக்கார அண்ணன் பாயில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார். அப்பா பெட்டியைக் காட்டி, திறந்து பார்க்க வேண்டும் என்றார்.

“நாளைக்கி வாங்கண்ணே. ஸ்க்ரூடிரைவரெல்லாம் பூஜையில இருக்குது” என்றார் அவர். உண்மைதான். அவருடைய ஆயுதங்கள் எல்லாம் வாழையிலையில் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தன.

அப்பா நாளைக் காலையில் வரப்போகிறவர்களைப் பற்றிச் சொன்னார். மச்சினன், கல்யாணம், தட்டிப்போன இடங்கள், எல்லாவற்றையும் முன்பின் தெரியாத அந்த ஆளிடம் சொன்னார். டீக்கடையில் தான் பேசியதையும் சேர்த்துச் சொன்னார். அண்ணன் சுண்டலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். தன் ஆயுதத்தைத் தொட முடியாது, ஆனால் வாயால் சொல்லித் தரத் தடையில்லை என்று முடிவு செய்தார். அப்பாவின் சாவிக்கொத்தில் ஒரு நகவெட்டி தொங்கியது. நகவெட்டியை எந்த வீட்டிலும் பூஜைக்கு வைப்பதில்லை. அதன் அரத்தின் முனையை ஸ்க்ரூவில் வைத்து அப்பா திருகினார். ஸ்க்ரூ ஒவ்வொன்றாகக் கழன்று விழ, நான் அவற்றைப் பொரி பொட்டலக் காகிதத்தில் சேர்த்து வைத்தேன்.

மூடியைத் திறந்ததும் அண்ணன் எட்டிப் பார்த்து, “அதானே பாத்தேன்” என்றார். பெட்டிக்குள் ஒரு பச்சைப் பலகை இருந்தது. அதில் இரண்டு இடங்கள் வெறுமையாக இருந்தன. ஒன்று மெமரி போடுகிற இடம், இன்னொன்று டிஸ்க் போடுகிற இடம். இரண்டும் இல்லாமல்தான் இதை விற்பார்களாம், தேவைக்குத் தக்கபடி நாமே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். விற்ற இடத்தில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் அதைப் போட்டிருப்பார்களாம்.

“அப்ப அவன் குடுத்த வெலைக்கு இது தகுமா?” என்று கேட்டார் அப்பா.

“பெட்டிக்குத் தகும்ணே. நல்ல பெட்டி. ஆனா இப்ப இருக்கறது மாரி இது கம்ப்யூட்டர் இல்ல.”

அப்பா கொஞ்ச நேரம் அந்த வெறும் இடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ரெண்டையும் குடு, போட்டுடலாம்” என்றார். தீபாவளிக்குத் தனக்கு வேட்டி சட்டை எடுப்பதற்கென்று வைத்திருந்த பணம் அதில் போய்விட்டது. சரக்கு விற்பதற்கு ஆயுத பூஜை தடையில்லை என்பதில் அண்ணனுக்குச் சந்தேகமே வரவில்லை. மெமரியை எப்படிச் சாய்த்துச் செருக வேண்டும் என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு சொல்லச் சொல்ல, மில்லில் இழைபிடித்துத் தடித்துப்போன விரல்களால் அப்பா அதைச் செருகினார். வெயிலில் வண்டி ஓட்டி வந்தபோது வேர்க்காதவருக்கு அப்போது வேர்த்து ஊற்றியது. டிக்கென்று அது உட்கார்ந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவு பிடித்தது.

அப்புறம் அண்ணன் சட்டைப் பையில் கிடந்த பென்டிரைவை எடுத்து, பொட்டு வைத்த மானிட்டரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, உள்ளே சிஸ்டத்தை ஏற்றினார். திரையில் படம் வந்தது. “வீட்ல யாருகிட்டயும் சொல்லக் கூடாது” என்று வழி முழுக்க அப்பா என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. நாளைக்கு எல்லார் முன்னாலும் தானே சொல்லப்போகிறார். கையில் தூக்கிப் பார்த்தே கம்ப்யூட்டருக்குள் ஒன்றும் இல்லை என்று கண்டுபிடித்தவர் இந்தப் புதுச்சேரியில் வேறு யார் இருக்கிறார்? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பெட்டியைப் பழைய இடத்தில் வைத்து, அழிந்த பொட்டை நானே புதிதாக வைத்தேன். சாயங்காலம் விளக்கேற்ற வந்த அம்மா அந்த ஈரச் சந்தனத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். கூடத்தில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள்.

மறுநாள் காலையில் பெண்ணின் அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் வந்தார்கள். தம்பிக்கு வந்ததிலிருந்து கண் கம்ப்யூட்டர் மேல்தான். மாமா அதை டிவியில் செருகினார். ஒயர் சரியாக உட்கார்ந்ததா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அப்பா அவ்வளவு உறுதியாகச் சொன்னதில் அவருக்கும் உள்ளுக்குள் உதறல்தான் போலிருக்கிறது. பட்டனை அழுத்தினார். டிவியில் பளிச்சென்று படம் வந்தது. தம்பி மவுஸைப் பிடித்து அங்கும் இங்கும் போய்ப் பார்த்துவிட்டு, “சூப்பரா இருக்குதுண்ணா. இந்த வெலைக்கு இவ்ளோ குடுக்க மாட்டாங்களே” என்றான். மாமாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

பெண்ணின் அப்பா அதைப் பார்த்துக்கொண்டே எங்கள் அப்பாவின் பக்கம் திரும்பினார். முன்பு ஒரு பழைய வண்டியை அப்பா சொன்ன விலைக்கு வாங்கி, அதை இன்னும் நன்றாக ஓட்டிக்கொண்டிருப்பவர் அவர். “ஒங்க வார்த்தைய நம்பித்தான் வந்திருக்கேன். ஆனா டீக்கடையில நீங்க சொன்னதா ஒன்னு எங்க காதுக்கும் வந்துது. அதான் யோசனையா இருக்குது” என்றார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“சொன்னேன், இல்லேங்கல” என்றார் அப்பா. “முந்தாநேத்து இந்தப் பெட்டி வந்தப்பகூட காலி டப்பான்னேன். இவங்க எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. இதோ ஒங்க புள்ள கையில ஓடுது. எனக்குப் பழைய சாமான்தான் தெரியும்ங்க. என் மச்சினனுக்கு நான் போட்ட மதிப்பும் தப்பு, இந்தப் பெட்டிக்குப் போட்டதும் தப்பு. என்னைவிட நல்லாவே பாத்து வாங்குறான்.”

அப்பா தப்பே சொல்லவில்லை, அது காலி டப்பாதான், நான் பார்த்தேன். சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். எங்கிருந்துதான் வந்தாளோ, அம்மா ஒரு கைப்பிடிப் பொரியை என் வாயில் அடைத்துவிட்டு, “சாப்புடு கண்ணு” என்றாள். பொரியை மென்று முடிப்பதற்குள் பெண்ணின் அப்பா எழுந்து அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டார்.

மாமாவுக்குத் தையில் கல்யாணம் ஆனது. அந்தக் கம்ப்யூட்டரில் நான் பள்ளிப் படிப்பு முழுவதும் படித்தேன். அதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் நான் மறக்கவில்லை. பழைய வண்டி ஒன்று வாங்குவதற்காக எங்கள் தெருக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். அப்பா வழக்கம்போல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். வந்தவர் கொஞ்சம் கூச்சத்தோடு, “இல்லண்ணே, ஒங்க மச்சினன் இருக்காரா? அவுரு நல்லா பாக்குறாராமே” என்றார். அப்பா, “இருக்கான், இருக்கான்” என்று மாடியைப் பார்த்து மாமாவைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் அம்மாவிடம் ஓடிப்போய் அழுதேன். இனிமேல் அப்பாவை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பா தன் மரியாதையை இழந்துவிட்டார் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதை அவரே எடுத்து மாமாவிடம் கொடுத்தார் என்பதுதான் தெரியவில்லை.