நாலாவது ஓட்டை

கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னால் போதும், எங்கள் சொந்தக்காரர்கள் கெட்டுப்போன பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். என் வேலை அதுவல்ல. புது மாப்பிள்ளைக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கம்ப்யூட்டருக்குள்ளும் கர்னல் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அங்கே அதுதான் எசமான். ஆனால் எழுந்து போய் எதையும் தேடாது. இந்தச் சர்க்யூட்டில் என்னென்ன போர்ட் இருக்கிறது, எதன் வயர் எந்தச் சிப்புக்குப் போகிறது, அது கரண்ட் கொடுக்குமா வாங்குமா என்று ஒருத்தர் எழுதிவைக்க வேண்டும். அதைப் படித்துவிட்டுத்தான் டிரைவர்கள் என்கிற அதன் கையாட்கள் வேலையில் இறங்குவார்கள். எழுதியது பொய்யா மெய்யா என்று கர்னலுக்குக் கவலையில்லை, அப்படியே நம்பிவிடும். பந்தியில் மாப்பிள்ளையிடம் பாயசம் வருகிறது என்று சொல்லிவிட்டால், வராத பாயசத்துக்காக இலையை மூடாமல் உட்கார்ந்திருப்பார் அல்லவா, அந்த ரகம். அந்தக் குறிப்பை எழுதுகிறவள் நான்.

சோமனூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணன் தறிகளை விட்டுவிட்டு, திருப்பூரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின்களுக்குக் கண்ட்ரோல் பேனல் செய்யும் பட்டறை போட்டார். பெங்களூரில் இருந்த என்னைக் கூப்பிட்டார். நானும் ஒரு துணிப்பெட்டியோடு வந்து சேர்ந்தேன். முதல் ஆர்டர் கிடைத்தால் இங்கேயே இருந்துவிடுவது, கிடைக்காவிட்டால் மறுபடி பெங்களூர் விடுதி, ரசம் என்ற பெயரில் ஊற்றும் வெந்நீர். திரும்பிப் போக எனக்குத் துளியும் விருப்பமில்லை. ஆனாலும் பெட்டியைப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தேன். பிரித்தால் கண் பட்டு ஆர்டர் போய்விடும் என்று ஒரு பயம். இஞ்சினியரிங் படித்தவள்தான், அதற்கென்ன இப்போது.

எங்கள் பேனலுக்குள்ளும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். வெளியே ஒரு சின்னத் திரை, மூன்று போர்ட். பென்டிரைவ் சொருக ஒன்று, நூல் அறுந்தால் சொல்லும் சென்சாருக்கு ஒன்று, நான் லேப்டாப்பை மாட்டிப் பார்க்க ஒன்று. அதற்குப் பெட்டி செய்ய அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறைக்குப் போனோம். குடம் அடிக்கிற கைக்குத் தகரப் பெட்டி எம்மாத்திரம். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அண்ணன் வரைபடத்தில் ஓட்டைகளை விரலால் எண்ணிப் பார்க்கும் வரை.

"ஏம் பாப்பா, ஓட்டை மூணா இருக்குது?"

"போர்ட் மூணுதானுங்கண்ணா."

"மொதப் பெட்டி. மூணு ஆகாது. நாலாப் போட்டுரலாம்."

பாத்திரக்காரரும் "ஆமாங்க, மூணு ஆகாதுங்க" என்று ஒத்து ஊதினார். நாலாவது ஓட்டைக்குள் என்ன வைப்பது என்று கேட்டேன். இரண்டு பேரும் என்னை விவரமில்லாதவளைப் போலப் பார்த்தார்கள்.

பெட்டி வந்தது. நாலாவது ஓட்டை பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. பழைய டிவி ஒன்றிலிருந்து, படம் வரும் வயரைச் சொருகுகிற ஹெச்டிஎம்ஐ சாக்கெட்டைப் பிடுங்கி, பசை வைத்து ஒட்டிவிட்டார். உள்ளே ஒரு வயர் கிடையாது. சொல்லப்போனால் நாலு போர்ட்டிலும் பளபளவென்று லட்சணமாக இருந்தது அதுதான்.

பேனலைப் பார்க்கத் திருப்பூரிலிருந்து ஒரு யூனிட் முதலாளியம்மா வந்தார். தனியாளாக நிட்டிங் யூனிட் நடத்துகிறவர். ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். மற்ற மூன்றையும் விட்டுவிட்டு நேராக நாலாவதில் விரலை வைத்தார்.

"இதுல டிவி மாட்டலாமுங்களா தம்பி? எந்த மிஷின் எத்தன சுத்து ஓடுதுன்னு செவுத்துல பெருசாத் தெரிஞ்சா நல்லாருக்கும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "தாராளமா மாட்டலாமுங்கக்கா" என்றார். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒரு மிஷினில் மாட்டிப் பார்ப்பதாகவும், சரியாக ஓடினால் மீதி மிஷின்களுக்கும் எங்களிடமே வாங்குவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் அண்ணனைப் பிடிபிடியென்று பிடித்தேன். இல்லாத போர்ட்டை என்னால் குறிப்பில் எழுத முடியாது என்று தீர்மானமாகச் சொன்னேன். அண்ணன் பதில் பேசவில்லை. பேசாத அண்ணனை நம்பக் கூடாது என்பது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும், அன்றைக்கு மறந்துவிட்டது.

பேனலை மாட்டும் நாள் காலையில் யூனிட்டுக்குப் போனோம். பஞ்சு பறந்துகொண்டிருந்தது. மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். பீகார் ஆபரேட்டர் குளித்துவிட்டுத் தலையைப் படிய வாரி நின்றிருந்தார். எதிர்ச் சுவரில், சுவரையே அடைத்துக்கொண்டு ஒரு புது டிவி. அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

சுவிட்சைப் போட்டோம். பச்சை விளக்கு எரிந்தது. டிவியை விடுங்கள், பேனலின் சொந்தத் திரையே அமாவாசையாக இருந்தது. அணைத்துப் போட்டோம், மறுபடியும் அமாவாசை. முந்தின நாள் வரை பட்டறையில் ஒழுங்காக எரிந்த திரை அது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஓடாத மிஷினையும் எங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அண்ணன் இன்னொரு கற்பூரத்தை ஏற்றினார்.

நான் லேப்டாப்பை மாட்டினேன். திரைக்கான டிரைவர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது: ஹெச்டிஎம்ஐ சிப் இன்னும் வரவில்லை, வந்தபிறகு எல்லாத் திரையையும் சேர்த்துத் தொடங்குகிறேன். மாப்பிள்ளை பாயசத்துக்குக் காத்திருக்கிறார். என் குறிப்பைத் திறந்து பார்த்தேன். நான் எழுதிய மூன்று போர்ட்டுக்குக் கீழே, நான் எழுதாத நாலாவது.

"அண்ணா, நீங்க எழுதுனீங்களா?"

"சிப் கம்பெனிக்காரன் மாதிரிக்குக் குடுத்த குறிப்புல இருந்துச்சு பாப்பா. நேத்து ராத்திரி அப்படியே காப்பி பண்ணிப் போட்டேன். ஒரு எழுத்துக்கூட மாத்தல." கொஞ்சம் பெருமை வேறு. பிறகு என் காதருகே குனிந்தார். "சத்தமில்லாம எடுத்து உட்டுரு. டிவிக்குக் கேபிள் சரியில்லைன்னு சொல்லிக்கலாம்."

எடுத்துவிட்டால் திரை வந்துவிடும். ஆர்டரும் வரலாம், கட்டிலுக்கடியில் இருக்கும் பெட்டியையும் பிரித்துவிடலாம். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் அந்த டிவியை எந்தச் சோற்றில் மறைப்பது? இன்றைக்குக் கேபிள், நாளைக்கு டிவி மேலேயே பழி, அப்புறம் அந்த ஆபரேட்டர் தலையில் கட்டுவோம். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"அக்கா, அந்த நாலாவது போர்ட் பொய்யிங்க. உள்ள வயரே இல்லீங்க. இருக்குதுன்னு எழுதிப்போட்டோம், பேனல் அத நம்பிக் காத்துட்டு இருக்குதுங்க."

அந்த வரிகளை அழித்துவிட்டுப் பேனலை மறுபடி போட்டேன். திரை எரிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அக்கா நாலாவது போர்ட்டை நகத்தால் நெம்பினார். பசையோடு கையில் வந்துவிட்டது.

"எதுக்குங்க தம்பி இத ஒட்டுனீங்க?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "மூணு ஆகாதுங்கக்கா."

அக்கா சாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆர்டர் போயிற்று என்று நான் லேப்டாப்பை மூடினேன். அப்போது அவர் தன் மிஷின்களை நோக்கிக் கையை நீட்டினார்.

"மொதல்ல என்றகிட்ட மூணுதான் இருந்துச்சு. மூணு ஆகாதுன்னு அடம்புடிச்சு நாலாவது வாங்கிப்போட்டேன். ரொம்ப நாளைக்கு அதுக்கு ஓட்ட நூலே இல்ல." சாக்கெட்டை அண்ணன் கையில் வைத்தார். "மீதிக்கும் செஞ்சு குடுங்க. ஓட்டை நாலே இருக்கட்டும். உள்ள ஒன்னும் ஒட்டாதீங்க. என்ன கேட்டாலும் இனி இந்த அம்மிணி பதில் சொல்லட்டும், நீங்க வாயத் தெறக்காதீங்க."

டிவியில் இப்போது டீ நேரத்துக்குப் போஜ்புரிப் பாட்டு ஓடுகிறது. பெட்டிகள் அனுப்பர்பாளையத்திலிருந்து நாலு ஓட்டையோடு வருகின்றன. நான் மூன்றைத்தான் எழுதுகிறேன். நாலாவது சாமிக்கு, கர்னலுக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஆர்டர் கிடைத்த அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துத் துணிகளையெல்லாம் அலமாரியில் அடுக்கினேன். ஒரே ஒரு சுடிதாரை மட்டும் உள்ளேயே விட்டுவிட்டு மூடினேன். பெட்டியை வெறுமையாக வைத்தால் ஆகாது.