படகு நிற்கிறது, திரை இல்லை என்கிறது

பிசிலாவுக்கு வயது நாற்பத்தொன்று. அதில் பத்தொன்பது வருடத்தைச் சவாயித் தீவின் படகுத்துறையில், டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் கழித்திருந்தாள். "அடுத்த படகு எப்ப?" என்று ஒரு நாளைக்கு இருநூறு பேர் கேட்பார்கள். ஒருவனுக்குச் சொன்ன பதில் அடுத்தவன் காதில் விழுந்தாலும், தனக்கென்று ஒரு தரம் தனியாகச் சொன்னால்தான் நம்புவான். சாயங்காலம் தொண்டை கட்டிப்போய், வீட்டில் கணவனிடம் சைகையில்தான் பேசுவாள். அவனுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த ஜன்னலை விட்டு எழுந்து, மாடியில் துறையின் மின்கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் கருவி அறை வேலைக்குப் போக வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். அதற்காகவே இரண்டு வருடம் பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளம் போட்டு, கெடுத்து, மறுபடி போட்டுத் தானாகக் கற்றிருந்தாள். காத்திருப்புக் கூடத்தில் மூன்று திரைகள் வைக்க மேலாளர் பெனியெலி ஆக்லாந்து கம்பெனி ஒன்றிடம் விசாரிப்பது தெரிந்ததும், நேரே போய் நின்றாள்.

"நான் செஞ்சு தரேன் சார்."

"நீயா? சரி, திரை வச்சப்புறம் ஒரு வாரம் பாப்பேன். ஒழுங்கா ஓடிச்சுன்னா கருவி அறை உனக்கு. இல்லன்னா ஆக்லாந்துக்காரனைக் கூப்பிட்டுக்கறேன், நீ வாயத் தெறக்கக் கூடாது."

கணினிக்கு எங்கே போவது? கடலுக்கு அந்தப் பக்கம் பாகோ பாகோவில் இருக்கும் சித்தி மகள் மாசினா, மூடிப்போன ஒரு விடுதியிலிருந்து ஒன்றைப் பிடித்துக் கப்பலில் அனுப்பினாள். லினக்ஸோடே வந்தது. இடது திரையில் கிழமைக்கேற்பத் தானாக மாறும் படகு நேரம், நடுவில் பெரிய கடிகாரம், வலதில் அறிவிப்புகள் என்று பிசிலா பிரித்தாள். முதல் மூன்று நாள் அது அவளைப் பாடாய்ப் படுத்தியது. மின்சாரம் போய் வந்தால் இடதும் வலதும் இடம் மாறிக்கொள்ளும். பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் மூன்றும் இருண்டுவிடும். கடிகாரத்தின் நட்டநடுவில் மவுஸின் அம்புக்குறி ஈ மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். கடிகார எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்று தேதியையும் கிழமையையும் மட்டும் எடுத்துவிட்டாள். இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாதவன் இந்தத் தீவில் எவன் இருக்கிறான்?

புதன்கிழமை திரைகள் எரிந்தன. சனி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஞாயிறு மதியம் பன்னிரண்டு வரை படகே கிடையாது. எல்லோரும் தேவாலயத்தில் இருந்தார்கள். இன்னும் இரண்டே நாள்தான் என்று பிசிலா விரல் மடக்கினாள்.

திங்கள் விடியற்காலை ஐந்தரைக்கு அவள் உள்ளே வந்தபோது கூடத்தில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இடது திரையில் 'முதல் படகு மதியம் 12' என்று கொட்டை எழுத்தில் நின்றது. வெளியே ஆறு மணிப் படகு வாயைத் திறந்து லாரிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. திரையை நம்பிய மீதிப் பேர் பாய் விரித்துப் படுத்தேவிட்டார்கள்.

சந்தைக்குச் சேப்பங்கிழங்கு மூட்டைகளோடு வந்திருந்த எலியேசா அவளைப் பிடித்துக்கொண்டான். "பிசிலாக்கா, படகு கண்ணு முன்னால நிக்குது, உன் பொட்டி இல்லங்குது. நான் எதுல ஏறட்டும்? படகுலயா, பொட்டியிலயா?"

பிசிலா நடுத்திரைக்கு ஓடினாள். கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்; நிமிடம்கூடப் பிசகவில்லை. திரையில் வந்திருப்பது ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல். அப்படியானால் இந்தக் கணினிக்கு இன்னும் ஞாயிறு. இந்நேரத்துக்கு வேறு யாருக்கு ஞாயிறு?

மாசினாவுக்கு! பாகோ பாகோவில் அவள் இப்போதுதான் ஞாயிற்று விருந்துக்கு அடுப்புக் கல்லைச் சுட வைத்திருப்பாள். உலகத் தேதிக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள். மணி ஒன்றேதான், நாள்தான் வேறு. கடல் தாண்டி வந்த கணினிக்கு அதை யாருமே சொல்லவில்லை. மணி சரியாக இருந்ததால் அவளும் சோதிக்கவில்லை. புதனிலிருந்து அது முந்தின நாள் பட்டியலைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. சனி வரை எல்லா நாளும் ஒரே பட்டியல், ஞாயிறு காலை பார்க்க ஆளே இல்லை, பன்னிரண்டு மணிப் படகோ சனிப் பட்டியலிலும் உண்டு. எவன் கண்டுபிடிப்பான்?

அதற்குள் பெனியெலி வாசலில் வந்து நின்றார். கணினி கெட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். பிசிலா பெஞ்சின் மேல் ஏறினாள்.

"ஆறு மணிப் படகு இருக்கு! எல்லாரும் எந்திரிங்க, ஏறுங்க! தப்பு என்னுது, பொட்டியோடது இல்ல!"

பாய்கள் சுருண்டன. எலியேசா மூட்டையைத் தூக்கியபடி, "அப்பாடா, படகுலதான்!" என்று கத்திக்கொண்டே ஓடினான். பிசிலா விசைப்பலகையில் ஒரே வரி அடித்து, கணினியின் ஊரைப் பாகோ பாகோவிலிருந்து தங்கள் தலைநகர் அப்பியாவுக்கு மாற்றினாள். மூன்று திரைகளும் ஒரு தரம் இருண்டு, திங்கட்கிழமையோடு திரும்பி வந்தன. ஆறு மணிக்கு முன்பே எல்லோரும் படகில் ஏறிவிட்டார்கள்.

பெனியெலி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஒரு வாரம் ஒழுங்கா ஓடணும்னு சொல்லியிருந்தேன்."

"ஆமா சார்." பிசிலா டிக்கெட் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "போய் ஜன்னல்ல உக்காந்துக்கறேன்."

"ஜன்னலுக்கு வேற ஆளு பாக்கறேன். அத்தனை பேர் முன்னால தப்பு என்னுதுன்னு எந்தக் கம்பெனிக்காரன் கத்துவான்? வந்து பாக்கவே அவனுக்குப் பத்து நாளாகும்." பையிலிருந்து கருவி அறைச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

பிசிலா சாவியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே விம்மி விம்மி அழுதாள். சந்தோஷத்தில்தான்.

பெனியெலி பதறிப்போனார். "ஏய், அழுவாத! படகு ரத்தாயிடுச்சுன்னு நெனச்சு எல்லாரும் எறங்கிடப் போறாங்க!"