ஓடுகிற தண்ணீரில் பூஜ்ஜியம்

கைருதீன் நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமையானால் மனைவி சைதுன்னிசாவைக் கணியூரில் அவள் தாய்வீட்டில் இறக்கிவிட்டு, தூண்டிலோடு அமராவதி ஆற்றுக்குப் போய்விடுவார். பத்து வருஷமாக அங்கே அவருக்கு மாட்டியது ஜிலேபி மீன் மட்டும்தான். எந்தக் காலத்திலோ வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் அது. “நம்மூர்க் கெண்டையெல்லாம் இதால அத்துப் போச்சுங்க” என்று டீக்கடையில் அவர் சொன்னால் மறுக்க ஆளில்லை. மறுக்கிற அளவுக்கு யாரும் காதுகொடுத்ததுமில்லை.

காதுகொடுத்தவள் கிருத்திகா. எந்த மாதம் எந்த மீன் ஆற்றில் எங்கே இருக்கிறது என்று ஆராய்கிற கல்லூரிப் பெண். மாதம் ஒருமுறை பிடித்துப் பார்த்து எழுதச் சொல்லி அவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்தாள். அதில் இரண்டு கட்டம்: தேங்கின தண்ணீர், ஓடுகிற தண்ணீர்.

தேங்கின தண்ணீர் என்றால் புங்கமரத்து நிழலில் இருந்த மடு. வண்டியிலிருந்து நாலு எட்டு. ஓடுகிற தண்ணீருக்கோ வழுக்குப் பாறையில் இறங்கி முழங்கால் நனைய வேண்டும். கைருதீன் மடுவோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, ஓடுகிற தண்ணீருக்கு நேராகப் பூஜ்ஜியம் போட்டார். ஆடி முதல் பங்குனி வரை ஒன்பது பூஜ்ஜியம். போகப் போக வட்டம் நன்றாகவே வந்தது.

சித்திரையில் ஆற்றோட்டம் நின்றது. மற்ற வருஷம் கோடை வெயிலில் ஆற்றுப் பக்கமே போகாதவர் இந்த முறை நோட்டுக்காகப் போனார். அன்று மடுவில் தூண்டில் போட்டதும் ஒரு கெண்டை. அடுத்தது ஜிலேபி. அப்புறம் மூன்று கெண்டை. அத்துப்போனவையெல்லாம் வரிசையாக வந்து அவர் முகத்தைப் பார்த்தன. சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் நோட்டை எடுத்து ஒன்பது பூஜ்ஜியத்தையும் திரும்ப எண்ணினார்.

கிருத்திகா நோட்டைப் புரட்டினாள். “ஓடுற தண்ணி வத்துனதும் அங்க இருந்த மீனெல்லாம் மடுவுக்கு வந்திருக்குங்க பாய். நீங்க அங்க ஒண்ணுமே இல்லைன்னு எழுதியிருக்கீங்களே?”

துணியில் ஊசிமுனை ஓட்டைக்குக்கூட ஆளை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறவர் அவர். “நான் அங்க எறங்கவே இல்லீங்க கண்ணு. பாறை வழுக்கும்.”

“பத்து வருஷமாவா?”

“பத்து வருஷமாத்தானுங்க.”

அவள் சிரித்திருந்தால் தேவலை. பூஜ்ஜியங்களை அடித்துவிட்டு, ‘பார்க்கவில்லை’ என்று அவர் கையாலேயே எழுதச் சொன்னாள். ஒன்பது முறை எழுதினார்.

அடுத்த ஆடியில் புதுத்தண்ணீர் வந்ததும் அவளோடு போய் இறங்கினார். மூன்றாவது எட்டிலேயே வழுக்கி உட்கார்ந்தார். ஒரு செருப்பு ஆற்றோடு தாராபுரம் பார்த்துப் போயிற்று. எழுந்து தூண்டிலை வீசினார். கூழாங்கற்களுக்கு நடுவே ஓட்டத்தை எதிர்த்து நின்ற கெண்டைகள் ஒவ்வொன்றாக மாட்டின. ஜிலேபி ஒன்றுகூட இல்லை. அவரைப் போலவே அதுவும் மடுவை விட்டு நகர விரும்பாத ஜென்மம்.

“தண்ணி இருக்கறப்ப ஆளுக்கொரு எடம். வத்துனாத்தான் நெருக்கடிங்க,” என்றாள் கிருத்திகா. “அப்ப கெண்டைக்குத் தீனியும் எடமும் எவ்வளவு மிஞ்சுதுன்னுதான் பார்க்கணும்.”

“கோடையில நான் வாராவாரம் பார்க்கறனுங்க,” என்றார் கைருதீன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரெண்டு பக்கமும்,” என்று சேர்த்துக்கொண்டார்.

ஈரத்தோடு மாமியார் வீட்டு வாசலில் நின்றவரைச் சைதுன்னிசா மேலும் கீழும் பார்த்தாள். “ஏனுங்க, இன்னொரு செருப்பு?” அவர் கெண்டையைப் பற்றி வெகுநேரம் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் துண்டை நீட்டினாள்.