தாய்மாமன் கைரேகை

நான் வளர்ந்த அனாதை இல்லத்தை இப்போது அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். ஓசூரில் ஓடு வேய்ந்த பழைய கல் கட்டடம். பஞ்ச காலத்தில் தெருவில் கிடந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது என்று வாசலில் எழுதியிருக்கிறது. இருக்கலாம். நான் சேர்ந்த காலத்தில் எங்களில் பாதிப் பேருக்கு அப்பா உயிரோடு இருந்தார். கல் குவாரியில் இருந்தார், தக்காளித் தோட்டத்தில் இருந்தார், செங்கல் சூளையில் இருந்தார். பதிவேட்டில் மட்டும் இல்லை.

தகப்பன் இல்லாத பிள்ளைக்குத்தான் இடம் என்பது இல்லத்தின் விதி. நாட்றாம்பாளையத்துக்கு மேலே, எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் குவாரி வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டு என்னைப் பஸ்ஸில் கூட்டி வந்தார். வழியெல்லாம் ஒரே பாடம்.

"உங்க நைனா செத்துட்டாரு. நான் உன் தாய்மாமன். எங்க, சொல்லு பாக்கலாம்."

அஞ்செட்டி வருவதற்குள் தடுமாறாமல் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

வார்டன் எழுதினார்: தந்தை, காலமானார். அழைத்து வந்தவர், தாய்மாமன். சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பாதிக் கட்டில்கள் காலியாகிவிடும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். நைனா பெருவிரலை உருட்டி வைத்தார். உளி வெட்டிய விரல்; ரேகையின் நடுவே வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு பார்வையாளர் நாள். ஒருமுறை, வார்டன் பக்கத்தில் நிற்பதைக் கவனிக்காமல் "நைனா" என்று கத்திக்கொண்டு ஓடிவிட்டேன். நைனா அசரவில்லை.

"அப்பன் நெனப்பு சார். யாரப் பாத்தாலும் இப்பிடித்தான் கூப்புடுது, பாவம்."

வார்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலை ஜெபத்தில் என் தந்தையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக எல்லோரையும் மன்றாடச் சொன்னார். நானும் முழங்காலில் நின்று மன்றாடினேன். செத்தவர் அந்நேரம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்.

பிறகு சட்டதிட்டம் மாறியது, ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள், இல்லம் மூடப்பட்டது. பல வருடம் பூட்டிக் கிடந்ததை ஒரு கம்பெனி தன் சமூகப் பணி நிதியில் புதுப்பித்தது. நாங்கள் சோறு தின்ற அலுமினியத் தட்டுகளுக்கு இப்போது விளக்கு வெளிச்சம். சுவரில், 'தந்தையற்றோருக்கு இந்த வீடே தந்தை.'

டிப்ளமோ முடித்து, வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருக்கும் நான், போன மாதம் நைனாவை அங்கே கூட்டிப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பதிவேடு விரித்து வைத்திருந்தது. பெயர்களைத் தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். படிக்கத் தெரியாத நைனாதான் முதலில் கண்டுபிடித்தார்.

"டேய், இது என் வெரலுடா!"

எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். சிரித்தார். "செத்தவன் எப்பிடிடா ரேகை வெப்பான்? அதான் மாமனா வந்தேன்." வெளியே வந்து செருப்பு மாட்டும்போது குரல் மாறிவிட்டது. "ஏன் கண்ணு, அதுல உன் அப்பன் நாந்தான்னு எழுதுவாங்களா? இப்பத்தான் உனக்கு வேலை ஆயிடுச்சே. இனிமே யாரு வெளிய தள்ளுவாங்க?"

திரும்ப உள்ளே போய் அங்கிருந்த பெண் அதிகாரியிடம் சொன்னேன். எங்கள் தொழிற்சாலையில் அளவு தப்பாக எழுதிவிட்டால் தாளைக் கிழிக்க மாட்டோம். தப்பின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுவோம். இரண்டும் தெரியும். பதிவேட்டைத் தொட வேண்டாம், பெட்டிக்கு வெளியே ஒரு சீட்டு வைத்தால் போதும் என்றேன்: 'இந்தக் கைரேகை தாய்மாமனுடையது அல்ல, தந்தையுடையது.'

"சார், ஃபீலிங் புரியுது. ஆனா பொய் சொல்லிச் சேர்ந்தாங்கன்னு ஆயிடும் இல்லையா? அது உங்களுக்கும் அசிங்கம்தானே?"

"எனக்கு அசிங்கம் இல்ல மேடம்."

"மேனேஜ்மென்ட்ல கேட்டுச் சொல்றேன்."

மூன்று வாரம் கழித்து நைனா தானாகவே கிளம்பி வந்தார். சவரம் செய்து, கல்யாணத்துக்குக் கட்டும் வேட்டி கட்டியிருந்தார். அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். பெட்டியின் மேல் குனிந்து வெகுநேரம் தேடினார்.

"எங்கடா காணோம்?"

பக்கத்தைத் திருப்பி வைத்திருந்தார்கள். வேறொரு பையன். தந்தை, காலமானார். அழைத்து வந்தவர், பெரியப்பா. கீழே கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. அது யாருடைய அப்பாவோ.

அதிகாரி சிரித்த முகமாக வந்தார். "உங்க ரிக்வெஸ்ட் பண்ணியாச்சு சார். அந்தப் பேஜ் இனிமே டிஸ்ப்ளேல வராது."

"என்னா சொல்றாங்க?" என்றார் நைனா.

"அடுத்த பக்கத்துல இருக்குதாம்."

"திருப்பச் சொல்லேன்."

"பூட்டியிருக்குது நைனா."

அதற்குள் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள். காவலாளி எங்களைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளுங்க, கொழந்தைங்க பாக்கட்டும்" என்றார். நைனா தள்ளி நின்றார். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். கடைசிப் பிள்ளை போகும்வரை அவர் அங்கேயே நின்றிருந்தார்.