மலைமேல் நான்கு செம்புக் குழாய்கள்

எனக்குக் கோபம் வந்தால் கத்த வராது. அழவும் வராது. கையில் ஒரு ஸ்பானர் இருந்தால் தேவலை என்று தோன்றும். ஆம்பூர்க்காரர் ஒருவர்மேல் வந்த கோபத்தை நாலு வருஷம் அப்படித்தான் வைத்திருந்தேன், ஸ்பானரோடு சேர்த்து. வயதானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

தொண்ணூறுகளில் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கருவிகள் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை பார்த்தேன். ஈ.சி.ஜி. மெஷின், இன்குபேட்டர், எது மக்கர் பண்ணினாலும் என் மேசைக்கு வரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வயர்லெஸ். அரசாங்க லைசென்ஸ் வாங்கிக்கொண்டு பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுகிறவர்களுக்கு ஹாம் என்று பெயர். எங்கள் பக்கத்தில் மொத்தம் ஒன்பது பேர். வயது என்னவானாலும் ஆண்கள் எல்லாரும் ‘ஓல்டு மேன்’, பெண்கள் எல்லாரும் ‘யங் லேடி’. அப்படிக் கூப்பிடுவதுதான் வழக்கம். எட்டு ஓல்டு மேன்களுக்கு நான் ஒருத்திதான் யங் லேடி. பேச்சு முடிந்தால் ‘செவன்ட்டி த்ரீ’ என்று வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சொல்லாமல் போனால் முகத்தில் அடித்த மாதிரி.

கையடக்கச் செட்டில் பேசினால் மலைக்கு அந்தப் பக்கம் கேட்காது. அதற்காகத்தான் ரிப்பீட்டர். மலை உச்சியில் உட்கார்ந்துகொண்டு, ஓர் அலைவரிசையில் கேட்பதை அதே நொடியில் இன்னோர் அலைவரிசையில் திருப்பிச் சொல்லும் பெட்டி அது. ஒரே ஆன்டெனாவில் கேட்கவும் வேண்டும், கத்தவும் வேண்டும். தன் சத்தமே தன் காதை அடைத்துவிடாமல் இருக்க, நடுவில் செம்புக் குழாய்களால் ஆன வடிகட்டி வேண்டும். வெளிநாட்டில் செய்து விற்கிறார்கள். அதை வாங்கும் வசதி எங்கள் சங்கத்துக்கு இல்லை. நானே செய்கிறேன் என்றேன்.

நாலு இஞ்ச் செம்புக் குழாய்க்காக எட்டு மாதம் அலைந்தேன். கடைசியில் ராணிப்பேட்டையில் பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர், மூடிப்போன தோல் பதனிடும் டேனரியிலிருந்து வந்த குழாய்களைக் காட்டினார். காட்டிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா மேடம், சாராயம் காச்சவா?”

“ஆமா. உங்களுக்கும் ஒரு பாட்டில் அனுப்பறேன். ரெண்டு ரெண்டு அடியா அறுத்துக் குடுங்க” என்றேன்.

உள்ளே தண்டும் குழாயும் தொட்டுக்கொள்ள வேண்டிய மெல்லிய தகட்டு நாக்குகளைப் பழைய டெலிபோன் ரிலேக்களின் தகட்டிலிருந்து வெட்டினேன். வெயிலில் நீளாத ஒருவகைக் கம்பி வேண்டும். சாதாரணக் கம்பி போட்டால் வேலூர் வெயிலில் ட்யூனிங் ஓடிப்போய்விடும். அந்தக் கம்பிக்கு மட்டும் சென்னை ரிச்சி தெருவுக்கு நாலு தடவை போனேன். குழாய்களின் உட்புறத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். அடித்தட்டுகளில் ஆணியால் தமிழ் எண்ணில் ௧, ௨, ௩, ௪ என்று கீறினேன். பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிற மாதிரி ஓர் ஆசை.

ரிப்பீட்டர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தன் பெயரான அழைப்புக் குறியை மோர்ஸில், அதாவது புள்ளியும் கோடுமான ஒலியில், தானே சொல்ல வேண்டும். டயோடுகளை வரிசையாகப் பற்றவைத்து அதற்கும் ஒரு போர்டு செய்தேன். அதில் ஒரு குறை. முதல் புள்ளி மட்டும் நீண்டு, ஏறக்குறையக் கோடு மாதிரிக் கேட்கும். நொண்டிக்கொண்டே கிளம்பி, அப்புறம் ஒழுங்காக நடக்கும். யாராவது கேலி செய்வார்கள் என்று காத்திருந்தேன். முக்கியமாக வாலாஜாபேட்டைக்காரர். தந்தி ஆபீஸில் முப்பது வருஷம் மோர்ஸ் தட்டி ஓய்வு பெற்றவர். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. சரி, இதையெல்லாம் யார் காதில் வாங்குகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

வேலூர் மலைமேல் பெட்டி வைத்த அறைக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம். இன்னொன்று சங்கத்தின் செயலாளரிடம். ஆம்பூரில் டேனரிகளுக்கு ரசாயனம் விற்கிறவர். மோர்ஸ் பரீட்சை இல்லாத கடைசி வகுப்பு லைசென்ஸ். ஆனால் வீட்டில் இருக்கும் செட்டெல்லாம் ஜப்பான் செட்டு. நான் சொன்ன ஆம்பூர்க்காரர் இவர்தான்.

பிரசவத்துக்கு நாட்றம்பள்ளியில் அம்மா வீட்டுக்குப் போனேன். மூன்று மாதம் கழித்துக் கைக்குழந்தையோடு திரும்பியபோது ரிப்பீட்டர் ஊமையாகியிருந்தது. மலையேறிப் போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள்: பூட்டு உடையவில்லை, நான்கு குழாயும் இல்லை, மோர்ஸ் போர்டும் இல்லை.

அந்த மாதக் கூட்டத்தில் செயலாளர் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துப் பேசினார்.

“செம்பு இன்னைக்கு இன்னா வெலைக்குப் போவுது! என் சாவி என் பீரோவுலயே இருக்குது. பிரசவம்னா செலவு ஜாஸ்தி ஆவும், பாவம். நான் யாரையும் குத்தம் சொல்லல.”

மீதி ஏழு பேரும் இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வாலாஜாபேட்டைக்காரர் டீ கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தார். என் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலேயே என்னைத் திருடி ஆக்கினார்கள். “நான் எடுக்கல” என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். என் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகு வேலூருக்குள் நேராகப் பேசும் அலைவரிசையில் நான் கூப்பிட்டால் பதில் வராது. யாரோ பேசாமல் பொத்தானை மட்டும் அழுத்துவார்கள், செட்டின் முள் ஆடும். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று தெரியும். போகிறபோது செவன்ட்டி த்ரீ சொல்ல நாதி கிடையாது. ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் “அக்கா, அக்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அலைவார்கள். வீட்டுக்கு வந்து செட்டைப் போட்டால் நான் திருடி. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: அந்தக் குழாய்கள் என்னுடையவை, எடுத்தது நானில்லை என்று அவர் வாயாலேயே, எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும்.

ஒரு வருஷம் போனது. ஆம்பூர் பக்கத்து மலை ஒன்றில் செயலாளர் தன் பேரிலேயே புது ரிப்பீட்டர் போட்டார். சிங்கப்பூரிலிருந்து வரவழைத்ததாம். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே செட்டைத் திருப்பினேன். பெட்டி தன் அழைப்புக் குறியைச் சொன்னது. முதல் புள்ளி நொண்டியது.

“அடப்பாவி!” என்றேன். குழந்தை வாய் நிறையச் சோற்றோடு சிரித்தது.

யாரையோ வைத்து எழுத்துகளை மாற்றியிருந்தார், நொண்டல் அப்படியே இருந்தது. அவருக்கு மோர்ஸ் தெரியாது. அவர் காதுக்கு அது வெறும் கீச்சுக்கீச்சு. பாவம், தான் திருடிய பொருள் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தன்னைக் காட்டிக்கொடுப்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பள்ளிக்கூட வாத்தியார் அவர். “ஒண்ணு போய் சண்டை போடு, இல்ல விட்டுடு. ரெண்டுல ஒண்ணு பண்ணு” என்றார். இரண்டும் செய்யவில்லை. ஒரு புள்ளி நொண்டுகிறது என்று யாரிடம் போய் வழக்குச் சொல்வது? காத்திருந்தேன். ஆம்பூர்க் காற்று எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். டேனரிக் காற்றில் செம்பு சீக்கிரம் கறுத்துப்போகும். கறுத்தால் வடிகட்டி கெடும். கெட்டால் இந்தப் பக்கத்தில் அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

அடுத்த வருஷம் கோடையில் அவரே ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார். கையில் ஆம்பூர் பிரியாணிப் பொட்டலம் வேறு.

“யங் லேடி, நம்ம ரிப்பீட்டர் ரொம்ப பேஜார் பண்ணுதும்மா. பெங்களூர் ஆளு கை விரிச்சிட்டான். பழசெல்லாம் மனசுல வெச்சுக்காத.”

“சேச்சே, அதெல்லாம் மறந்தே போச்சு சார்” என்றேன். பிரியாணியை வாங்கிக்கொண்டேன். அதை ஏன் விடவேண்டும்? “ஒரு கிலோ பழம்புளி வாங்கிட்டு வந்துடுங்க.”

மலைமேல் அறையைத் திறந்தார். நான்கு குழாய்களும் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டு நின்றன. ஒன்றைத் தூக்கி அடியைத் தடவினேன். ௩. பெயின்ட் அங்கே ஏறவில்லை. கீறலை அவருக்குக் காட்டவில்லை. கழற்றி வரிசையாக வைத்து, “நல்லா தேயுங்க சார். உள்ள வரைக்கும் கை போவணும்” என்றேன். வெள்ளைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, நாலையும் புளி போட்டுத் தேய்த்தார். நான் பாறை நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். “ரெண்டாவதுல கருப்பு போவல சார்” என்று மறுபடி தேய்க்கவைத்தேன். அப்பா, அந்த இரண்டு மணி நேரம்!

குழாய்களைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒழுங்காகத்தான் ட்யூன் செய்தேன். பிறகு, “ஆன்டெனா கிளாம்பு லூசா இருக்குது, பாத்துட்டு வந்துடறேன்” என்று துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு கம்பத்தில் ஏறினேன். அந்த மாதிரி ஆன்டெனாவுக்குக் கம்பம் இருக்கிற பக்கம் முதுகு. அந்தப் பக்கம் காது மந்தம். செயலாளரின் வீடு ஏற்கெனவே மலைச் சரிவுக்குக் கீழே, சிக்னல் மட்டுமட்டாகப் போகிற இடத்தில் இருந்தது. ஸ்பானரால் கிளாம்பைத் தளர்த்தி, முதுகைச் சரியாக அவர் வீட்டுப் பக்கம் திருப்பி, இறுக்கினேன்.

“பாத்தும்மா, விழுந்துடப்போற” என்று கீழேயிருந்து அவர் கத்தினார்.

“எனக்கு ஒண்ணும் ஆவாது சார்” என்றேன்.

அன்று சாயங்காலம் ஆலங்காயத்திலிருந்தும் வாலாஜாபேட்டையிலிருந்தும் மணி மணியாகக் கேட்டது. செயலாளருக்கு மட்டும் கரகரப்பு. அவர் பேசினால் ரிப்பீட்டர் திரும்பிப் பார்க்காது. செட்டை மாற்றினார். கேபிளை மாற்றினார். மொட்டை மாடியில் கம்பத்தை இரண்டு தடவை உயர்த்தினார். எனக்கு போன் செய்வார்.

“எல்லாருக்கும் கேக்குது. என் பெட்டி எனக்கு மட்டும் ஏம்மா கேக்க மாட்டேங்குது?”

“உங்க வீட்டு எடம் அப்பிடி போல, ஓல்டு மேன்” என்பேன். போனை வைத்துவிட்டுச் சிரிப்பேன். தினமும் சாயங்காலம் அவருடைய ரிப்பீட்டரில் ஏறி, தேவைக்கு மேலேயே பேசுவேன். மற்ற ஏழு பேரும் மெல்ல என்னிடம் பேச ஆரம்பித்தார்கள். பெட்டியைச் சரிசெய்தவள் அல்லவா, மன்னித்துவிட்டார்கள்போல. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! அதையும் வாங்கிக்கொண்டேன். செவன்ட்டி த்ரீ சொன்னார்கள். திருப்பிச் சொன்னேன்.

பதினாலு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். ரிப்பீட்டர் ஆண்டுவிழாவுக்கு எல்லாரும் பேசப்போகிறார்கள், சொந்தக்காரர் பேச முடியாது என்றால் மானம் போய்விடும் என்றார்.

“ஆன்டெனாவ சரி பண்ணித் தர்றேன். ஆனா அதுக்கு முன்னால மலை மேல இருந்து நீங்க ஒரு விஷயம் சொல்லணும், எல்லாருக்கும் கேக்கற மாதிரி. இன்னா விஷயம்னு உங்களுக்குத் தெரியும்.”

முகம் வெளுத்துப்போனது. மேசையில் இருந்த ஈ.சி.ஜி. மெஷினின் வயரைச் சுருட்டிச் சுருட்டி வைத்தார். “வர்றேம்மா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்வதற்கு முன், எல்லாரும் கூடிப் பேசும் நேரம். ஆன்டெனாவுக்குக் கீழேயே நின்றதால் கைச்செட்டு எடுத்தது. அவர் பொத்தானை அழுத்தினார்.

“ஓல்டு மேன்களுக்கு வணக்கம். இந்தக் கொழாயும் போர்டும் நம்ம யங் லேடி செஞ்சது. சிங்கப்பூரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் எடுத்துட்டுப் போய்ட்டேன். அவங்கமேல பழி போட்டேன். தப்பு என்னுது.”

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாலு வருஷம்! பெட்டி தன் அழைப்புக் குறியைச் சொன்னது, நொண்டிக்கொண்டே. பிறகு வாலாஜாபேட்டைக்காரர் அலைவரிசையில் வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார்.

“இதுக்கு மலை ஏறணுமா, ஓல்டு மேன்? மொத நாளே தெரியுமே. அந்த மொதப் புள்ளி நொண்டிச்சே!”

“எனக்கும் அப்பவே தெரியும்” என்றார் ஆலங்காயத்துக்காரர்.

“நாங்கதான் பேசிக்கிட்டோமே” என்றது இன்னொரு குரல்.

செட்டைச் செயலாளர் கையிலிருந்து வாங்கினேன்.

“தெரிஞ்சும் ஏன் சார் சொல்லல?”

“பெட்டி நல்லா ஓடிக்கினு இருந்துச்சேம்மா. சொன்னா அவர் கழட்டிடுவாரு. நமக்கு எதுக்கு வீண் பேஜாருன்னு... அதான் இப்ப எல்லாம் சரியாப்போச்சே, யங் லேடி” என்றார் வாலாஜாபேட்டைக்காரர்.

என் குழந்தையின் தலைக்கு மேலே ஒருவர் பழி சொன்னார். அது பொய் என்று தெரிந்த பிறகும் ஏழு பேர் வருஷக்கணக்கில், தினமும், என் குழாய்கள் வழியாகவே குசலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மடச்சி, ஒரே ஒருவருக்கு மட்டும் ஆன்டெனாவின் முதுகைத் திருப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அறைக்குள் போய் பவரை அணைத்தேன். பையிலிருந்து ஸ்பானரை எடுத்தேன்.

“ஆன்டெனா மேலதானே இருக்குது?” என்றார் செயலாளர்.

“இனிமே அதுக்கு வேல இல்ல சார். இந்தப் பக்கம் புடிங்க.”

அவருக்குப் புரிந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். இரண்டு குழாய்களை நான் சுமந்தேன், இரண்டை அவர் சுமந்தார். இடுப்பில் செருகியிருந்த கைச்செட்டில் இறங்கும் வழியெல்லாம் வெறும் இரைச்சல். அன்றைக்கு நான் யாருக்கும் செவன்ட்டி த்ரீ சொல்லவில்லை.

குழாய்கள் இன்றும் என் வீட்டுப் பரண்மேல் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, திரும்ப ஏற்றிவைக்கிறேன். வாலாஜாபேட்டைக்காரர் மூன்று தடவை ஆள் விட்டுக் கேட்டார். தரவில்லை.